மட்டக்குதிரைக் குட்டியை எடுத்து வளர்க்க முன்வந்திருப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள குடும்பத்தாருக்கு,

வணக்கம். போக்கிடம் இல்லாத ஒரு மட்டக்குதிரைக் குட்டியை நாங்கள் வளர்க்கிறோம் என்று முன்வந்திருக்கிறீர்கள். முதலில் உங்களுக்கு நன்றி. காப்பகங்களில் இடம் எப்போதும் நெருக்கடிதான். ஒரு குட்டி நல்ல வீட்டுக்குப் போனால்தான் வாசலில் காத்திருக்கும் அடுத்த குட்டியை உள்ளே எடுக்க முடியும். அதனால் உங்களைத் தயங்க வைப்பதற்காக இதை எழுதவில்லை. எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி முடித்துவிடுங்கள்: அந்தக் குட்டி கடைசிவரை உங்களிடமே இருக்குமா?

மட்டக்குதிரைகள் 25, 30 வருடம் சாதாரணமாக வாழும். இன்றைக்குப் பத்து வயதில் இருக்கும் உங்கள் மகளுக்காக எடுக்கிற குட்டி, அவளுக்கு முப்பத்தைந்து வயதாகும்போதும் காலையில் புல் கேட்டுக் கனைக்கும். இடையில் அவள் படிக்கப் போவாள், வேலைக்குப் போவாள், உயரம் கூடி அதன்மேல் உட்காரவே முடியாதவளாக ஆகிவிடுவாள். பெரும்பாலான மட்டக்குதிரைகள் கைமாறுவது அந்தக் கட்டத்தில்தான். யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

கைமாறுவதில் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கேட்கலாம். வளர்ந்து பழகிய குதிரை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். குட்டிக்கு அப்படியில்லை. மனிதர்கள் என்றால் யார், அவர்கள் கை நீட்டினால் என்ன நடக்கும் என்பதை அது கற்றுக்கொள்வதே முதல் சில வருடங்களில்தான். ஒரு வீட்டில் அதட்டல், இன்னொரு வீட்டில் அளவில்லாத செல்லம், மூன்றாவது வீட்டில் யாருமே எட்டிப் பார்ப்பதில்லை என்றால் அது யாரையும் நம்பாது. பயத்தில் கடிக்கும், பின்னங்காலை ஓங்கும். உடனே ‘முரட்டுக் குதிரை’ என்று பெயர் கட்டிவிடுவார்கள். அந்தப் பெயர் வந்தபின் அடுத்த வீடு இன்னும் சீக்கிரமாக அதைக் கைகழுவும். காப்பகத்துக்கு வரும் பல குட்டிகளின் கதை இதுதான். அது உங்கள் வீட்டோடு நிற்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

அடுத்தது துணை. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். குதிரை கூட்டமாக வாழும் பிராணி. ஒன்று படுத்துத் தூங்கும்போது இன்னொன்று நின்று காவல் பார்க்கும். நின்றபடியே லேசாகக் கண்ணயர அதனால் முடியும், ஆனால் ஆழ்ந்த உறக்கம் படுத்தால்தான் வரும். பாதுகாப்பாக உணராத குதிரை நாள்கணக்கில் படுக்காமலே நிற்கும். ஒற்றைக் குட்டியைக் கொண்டுபோய் தனியாக லாயத்தில் அடைத்தால், அது மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு, காதுகளை வாசல் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு, புல்லைக்கூட ஒரு வாய் கடித்துவிட்டுத் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கும். பார்க்கிறவர்கள் ‘அமைதியான குட்டி’ என்பார்கள். அது அமைதி இல்லை. ஆடு துணைக்கு இருக்கிறதே என்பார்கள் சிலர். ஒன்றுமே இல்லாததற்கு ஆடு மேல், ஆனால் குதிரைக்குக் குதிரைதான் துணை. அதுவும் வயதான, நிதானமான ஒரு மட்டக்குதிரை இருந்தால் உங்கள் வேலையில் பாதி குறையும். குட்டி எல்லை மீறினால் அது காதைப் பின்னால் மடக்கும், கேட்காவிட்டால் ஒரு சின்னக் கடி. அந்த ஒழுக்கத்தை மனிதர்களால் அவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்க முடியாது. இரண்டு வைத்துக்கொள்ள வசதி இல்லை என்றால், ஏற்கெனவே குதிரைகள் இருக்கும் இடத்தில் விட்டு வளர்க்க முடியுமா என்று பாருங்கள். அதுவும் முடியாதென்றால், தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம்.

சாப்பாட்டு விஷயத்தில் பாசம் ஆபத்தாகக்கூட முடியும். மீட்டு வரும் குட்டிகளுக்கு வயிறு பெரிதாக இருக்கும். பார்த்தால் கொழுகொழு என்று தோன்றும். விலாவில் விரல்களைப் பதித்து, அடர்ந்த முடியை விலக்கித் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகக் கையில் தட்டும். முதுகுத்தண்டு மேலே துருத்தும். அந்த வயிறு பெரும்பாலும் புழுவும் சத்தில்லாத தீனியும்தான். பார்த்த பரிதாபத்தில் வாளி நிறையக் கொள்ளுப் பயறும் தானியமும் வைத்துவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று மாவுச்சத்து சேர்ந்தால் ரத்தத்தில் பாஸ்பரஸ், மக்னீசியம் போன்றவை சட்டென்று இறங்கி, சில நாளில் உயிரே போகலாம். நல்ல காய்ந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்வார். புழு மருந்தையும் அவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நிறைய உருளைப்புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால் குடலையே அடைத்துவிடும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், வயிற்றில் வரும் எந்தச் சிக்கலும் சின்னச் சிக்கல் இல்லை.

உடம்பு தேறியபின் ஆபத்து எதிர்ப்பக்கம் திரும்பும். மட்டக்குதிரை இனங்கள் பெரும்பாலும் சத்துக் குறைந்த மேய்ச்சலில் பிழைத்து வந்தவை. செழித்த பச்சைப் புல்வெளியில் நாள் முழுக்க விட்டால் எடை ஏறி, குளம்புக்குள் வீக்கம் வந்து, அடி வைக்க முடியாமல் தவிக்கும். லாமினைட்டிஸ் என்பார்கள். ஒரு முறை வந்தால் திரும்பத் திரும்ப வரக்கூடியது. பச்சைப் புல்லுக்கு அளவு, காய்ந்த புல்லுக்கு வேளை, எப்போதும் சுத்தமான தண்ணீர்.

சவாரி பற்றிக் குழந்தைகள் கேட்பார்கள். நாலு வயதாவது ஆகட்டும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு வயதுக் குட்டி பார்ப்பதற்கு முழுக் குதிரை மாதிரி இருக்கும். ஆனால் எலும்புகள் முதிர்ந்திருக்காது, முதுகெலும்பு முழுமையாக முதிர ஐந்து, ஆறு வயதுவரைகூட ஆகும். அதுவரை குழந்தைகளுக்கு வேலை இல்லாமல் இல்லை. தலைக்கயிறு மாட்டப் பழக்கலாம், கூடவே நடத்திக்கொண்டு போகலாம், தேய்த்துவிடலாம், ஒவ்வொரு காலாகத் தூக்கக் கற்றுக்கொடுக்கலாம், எல்லாம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது. மூக்குக்கு நேர் எதிரிலும் வாலுக்கு நேர் பின்னாலும் அதற்குக் கண் தெரியாது, ஆகவே தோள் பக்கமாகப் பேசிக்கொண்டே போகச் சொல்லுங்கள். கையில் வைத்துத் தின்பண்டம் ஊட்ட வேண்டாம். இரண்டே வாரத்தில் பாக்கெட்டைக் கடிக்கத் தொடங்கும், அப்புறம் விரலை.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குட்டிக்குக் கொடுக்கும் தொகைதான் எல்லாவற்றிலும் சின்னச் செலவு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும், வருடா வருடம் பல் பார்க்க வேண்டும், டெட்டனஸ் தடுப்பூசி தவறக் கூடாது. ஆண் குட்டி என்றால் காயடிப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரு வயது தாண்டுவதற்குள் அது பெண் குதிரையைச் சினைப்படுத்தக்கூடும், வீடில்லாத குட்டிகள் பெருகுவதும் இப்படித்தான்.

இவ்வளவுக்கும் சரி என்றால், இரண்டு உதவி செய்யுங்கள். முதலாவது, பின்னால் ஒரு நாள் வேலை போய், உடம்பு முடியாமல், எதனாலோ வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால், சந்தைக்குக் கொண்டுபோகாமல், கேட்டவருக்குக் கொடுத்துவிடாமல், எடுத்த காப்பகத்துக்கே சொல்லி அனுப்புங்கள். உங்களை யாரும் குற்றம் சொல்ல மாட்டோம். அதை இப்போதே ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடலாம். இரண்டாவது, அடுத்த முறை குட்டியைப் பார்க்க வரும்போது வெயில் அடிக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து வராதீர்கள். மழை பெய்கிற ஒரு காலையில், வீட்டில் எல்லோருமாக, சாணி அள்ளுகிற நேரத்துக்கு வாருங்கள். உங்களுக்கும் ஒரு மண்வெட்டி எடுத்து வைக்கிறோம்.

அன்புடன்,
குட்டிகளைப் பராமரிக்கும் ஒருவர்