விதை இருக்கட்டும், பாளை சீவ ஆள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

இராமநாதபுரம் கடலோரத்தில் பனை விதை நடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் இன்று ஊன்றும் கொட்டை முளைத்துப் பாளை (பூங்கொத்து) விட ஏறக்குறைய 15 வருடம் ஆகும். ஆண் பனையா பெண் பனையா என்பதே அப்போதுதான் தெரியும். 2021 வேளாண் பட்ஜெட்டில், பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். சரி, வெட்டாமல் விட்ட மரத்தில் ஏறுவது யார்? சாயல்குடி, நரிப்பையூர் பக்கம் பாளை விட்ட மரங்கள் சும்மா நிற்கின்றன.

மரம் ஏறத் தெரிந்தால் மட்டும் பதநீர் வந்துவிடாது. இளம்பாளையைக் கடிப்பு என்கிற மர இடுக்கியால் பல நாள் இதமாக நசுக்கிப் பழக்க வேண்டும். பிறகு காலையும் மாலையும் நுனியை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் வெட்டுவாய் காய்ந்து ஊறல் குறையும். வாரத்துக்கு நாலு நாள் வந்து போகிற ஆளால் ஆகிற வேலையில்லை இது.

அடுத்தது சுண்ணாம்பு. பாளையில் கட்டும் கலயத்தின் உள்பக்கம் தடவுவது குறைந்தால், அதில் வடியும் பதநீர் வெயில் ஏறுவதற்குள் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும். 1987 முதல் கள்ளுக்குத் தடை, அதனால் வீண் வம்பு. புளித்ததைக் காய்ச்சியும் பயனில்லை. சர்க்கரை உடைந்துபோவதால் பிசுபிசுவென்று நிற்குமே தவிர கட்டியாகாது. சுண்ணாம்பு கூடினாலோ கருப்பட்டி கறுத்துக் கசக்கும்.

இறக்கிய சில மணி நேரத்தில் வடிகட்டி அடுப்பேற்றியாக வேண்டும். பொங்கி வரும்போது தட்டிய ஆமணக்கு முத்து ஒன்றிரண்டு போட்டால் அடங்கிவிடும். பாகைப் பச்சைத் தண்ணீரில் விட்டால் உருண்டு நிற்க வேண்டும். அந்தப் பதத்தில் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டும். முன்னாடியே இறக்கினால் மழைக்காலத்தில் கசிந்து பூஞ்சணம் பிடிக்கும். 10 லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும்தான் கருப்பட்டி தேறும். இந்தக் கணக்கு தெரிந்துதான் சிலர் சீனியைக் கொட்டிக் காய்ச்சுகிறார்கள். சீனிக் கருப்பட்டி விலைக்கு அசல் கருப்பட்டியைக் கேட்டால் எப்படிக் கட்டுபடியாகும்?

நடவுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் புதிதாக மரம் ஏறப் பழகுகிறவர்களுக்கு முதல் சீசன் முழுவதும் மாதச் சம்பளமாகக் கொடுக்கலாம். ஊருக்கு ஊர் பொது அடுப்பும், காலை ஒன்பது மணிக்குள் பதநீரை எடை போட்டு வாங்கும் இடமும் வேண்டும். விறகுக்குக் கவலையில்லை, சீமைக்கருவேலம் எங்கும் மண்டிக் கிடக்கிறது.

பனைத் தொழிலாளர்கள்,
சாயல்குடி வட்டாரம்