தனித்து ஆடுவோருக்கும் நூலகத்தில் ஒரு மேசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து மீட்பது எப்படி என்று தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், பலகை விளையாட்டுகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது கண்டு மகிழ்ந்தேன். ஆயினும் அந்தப் பத்தி அவற்றைப் பிள்ளைகளுக்கான மாற்று மருந்தாக மட்டுமே பார்த்தது. நான்கு பேராவது கூடி அமரக்கூடிய வீடுகளுக்கே அவை பொருந்தும் என்றும் கூறியது. இவ்விரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை. பலகை விளையாட்டு வளர்ந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் ஈடுபடத்தக்க பொழுதுபோக்கு. அதை ஒருவர் மட்டும் அமர்ந்து ஆடினாலும் அது குறையற்ற ஆட்டமே. இதை உணர்ந்து புதுச்சேரி, கடலூர் பொது நூலகங்கள் விளையாட்டுப் பெட்டிகளுக்கென ஓர் அலமாரியும் சில மேசைகளும் ஒதுக்க வேண்டும் என்று, பல ஆண்டுகளாக இப்பெட்டிகளைச் சேர்த்துப் பெரும்பாலும் தனியாகவே ஆடி வருபவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

எதிரில் ஆள் இல்லாமல் என்ன ஆட்டம் என்று கேட்காத உறவினர் எனக்கு இல்லை. பேச்சுத்துணை இல்லாதவன் பாவம், இப்படிப் பொழுதைத் தள்ளுகிறான் என்ற இரக்கம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. தனியாக நூல் படிப்பவரையோ, தனியாக அமர்ந்து வீணை பயில்பவரையோ யாரும் அப்படி இரங்குவதில்லை. தனியாக ஆடுவது வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த வழக்கமும் அன்று. பல்லாங்குழியின் வகைகளுள் சீதைப் பாண்டி என்பது ஒருவர் மட்டுமே ஆடுவது. அசோகவனத்தில் சீதை தனித்திருந்தபோது ஆடியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். அதை இப்படி ஆடலாம்: ஒரு வரிசையிலுள்ள ஏழு குழிகளில் முறையே 7, 6, 5, 4, 3, 2, 1 என மொத்தம் 28 சோழிகளை இட வேண்டும். முதல் குழியிலுள்ள ஏழையும் அள்ளி, அடுத்த ஆறு குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, மிஞ்சும் ஒன்றை அள்ளிய குழியிலேயே இட்டால், இரண்டாம் குழியில் 7, மூன்றாம் குழியில் 6 என்று அதே இறங்குவரிசை ஓரிடம் நகர்ந்து நிற்கும். அடுத்து இரண்டாம் குழியை அள்ள வேண்டும். கடைசிக் குழியை எட்டியதும் முதல் குழிக்குத் திரும்பிப் போட்டுக்கொண்டு வர வேண்டும். ஏழு முறை இவ்வாறு செய்து முடித்தால் தொடங்கியபோது இருந்த நிலைக்கே எல்லாம் வந்து சேரும். இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஒரு சோழி தவறி விழுந்தாலும் வரிசை குலைந்துவிடும் என்பதால் கையும் கண்ணும் எண்ணமும் ஒன்றுபட்டிருக்க வேண்டும். கணக்கின் ஒழுங்கு விரல் நுனியில் தட்டுப்படும் அந்த மகிழ்ச்சியை நான் வேறு எதிலும் கண்டதில்லை. இன்றைய கணித ஆசிரியர்கள் வகுப்பில் இதை ஒரு முறை செய்து காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

என் வயதினருக்குப் பிரைன்விட்டா என்ற பெயரில் விற்ற வட்டப் பலகையும் நினைவிருக்கும். 33 குழிகள், 32 கோலிகள், நடுக்குழி மட்டும் காலி. ஒரு கோலியைத் தாண்டி மற்றொன்றை வைத்து, தாண்டப்பட்டதை நீக்கிக்கொண்டே வந்து, எஞ்சும் ஒரே கோலியை நடுவில் நிறுத்த வேண்டும். இவ்வகை ஆட்டம் பிரான்சில் பதினான்காம் லூயி காலத்து அரண்மனைவாசிகளிடையே இருந்ததற்கு 1697ஆம் ஆண்டுச் செதுக்கோவியம் ஒன்று சான்றாக உள்ளது. (டச்சுக்காரர் வசமிருந்த நம் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தர ரிஸ்விக் உடன்படிக்கை வழி செய்ததும் அதே ஆண்டில்தான்.) ஒரே கோலியால் தொடர்ந்து தாண்டுவதை ஒரு நகர்வாக எண்ணினால், 18 நகர்வுகளில் ஆட்டத்தை முடிக்கலாம் என்று எர்னஸ்ட் பெர்கோல்ட் 1912இல் காட்டினார், அதனினும் குறைக்க முடியாது என்பது பிற்காலத்தில் நிறுவப்பட்டது. பிள்ளைகளின் கோலிப் பலகைக்காக அறிஞர்கள் அத்தனை ஆண்டுகள் சிந்தித்திருக்கிறார்கள்.

அண்மைக் கால ஆட்டங்கள் இன்னும் ஆழமானவை. மாட் லீகாக் வடிவமைத்து 2008இல் வெளிவந்த 'பேண்டமிக்' ஆட்டத்தின் பலகை ஓர் உலக வரைபடம். அதிலுள்ள 48 நகரங்களில் சென்னையும் ஒன்று. நான்கு கொள்ளைநோய்கள் பரவிக்கொண்டிருக்க, ஆடுபவர்கள் மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் ஒரே அணியில் நின்று நான்குக்கும் மருந்து கண்டறிய வேண்டும். எந்த நகரில் நோய் தோன்றும் என்பதைச் சீட்டுக்கட்டு சொல்கிறது. இடையிடையே கொள்ளைநோய்ச் சீட்டு ஒன்று எழும்போது, அதுவரை கழித்துப் போட்ட நகரச் சீட்டுகளைக் கலைத்துக் கட்டின் மேலேயே மீண்டும் வைக்க வேண்டும். அதனால் முன்பு தாக்கப்பட்ட ஊர்களே திரும்பவும் தாக்கப்படுகின்றன. நோய் ஓரிடத்தில் வேரூன்றும் தன்மையை இந்த ஒரே விதி கண்முன் நிறுத்திவிடுகிறது. எல்லோரும் சேர்ந்து வெல்வதும் சேர்ந்து தோற்பதும் ஆன இவ்வாட்டத்தில் ஒருவருக்கொருவர் மறைக்க வேண்டியது எதுவும் இல்லாததால், ஒரே ஆள் இரண்டு பாத்திரங்களை ஏற்று ஆடலாம். நான் அப்படித்தான் ஆடுகிறேன். நண்பர்கள் வந்தால் இடம் கொடுக்கிறேன்.

போட்டியாக ஆட வேண்டியவற்றுக்கு வேறொரு வழி கண்டிருக்கிறார்கள். எலிசபெத் ஹார்கிரேவ் உருவாக்கி 2019இல் வந்த 'விங்ஸ்பேன்' பறவைகளைப் பற்றியது; முதல் பெட்டியில் 170 பறவைகளுக்குச் சீட்டுகள் உள்ளன, ஆசியப் பறவைகளுக்கென 2022இல் தனிப் பெட்டியும் வந்தது. நான்கு சுற்றுகளில் 26 நகர்வுகள் மட்டுமே நமக்குக் கிடைக்கும். தனியாக ஆடும்போது எதிராளிக்குப் பதிலாக ஒரு சிறு சீட்டுக்கட்டு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டைப் புரட்டினால், அந்த எதிராளி முட்டையிடுகிறாரா, பறவையை எடுத்துக்கொள்கிறாரா என்பதை அது சொல்லிவிடும். ஒரு மனிதர் முழுமையாக யோசித்து ஆடுவதை நாமே நடித்துக் காட்ட வேண்டியதில்லை, அவரால் நமக்கு நேரும் நெருக்கடி மட்டும் மேசைக்கு வந்தால் போதும் என்று கண்டுகொண்டது பெரிய நுட்பம். பறவைகளைக் காண ஊசுடு ஏரிக்குத் தொலைநோக்கியோடு செல்லும் அன்பர்களுக்கு இப்பெட்டியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஃப்ரீடெமன் ஃப்ரீஸ என்ற ஜெர்மானியர் 2011இல் வெளியிட்ட 'ஃப்ரைடே' தனி ஒருவர் ஆடுவதற்காகவே செய்யப்பட்டது. எரிக் ரூஸின் 'ஸ்பிரிட் ஐலண்ட்' 2017இல் வந்தது. அதில் நாம் ஒரு தீவின் காவல் தெய்வங்களாக நின்று, நிலம் பிடிக்க வரும் ஐரோப்பியக் குடியேற்றக்காரரை விரட்ட வேண்டும். குடியேறுபவர் பக்கம் நின்று நாடு பிடிப்பதே பல பலகை ஆட்டங்களில் வழக்கமாக இருந்ததால், மண்ணின் பக்கம் நிற்கும் இந்த ஆட்டம் புதுச்சேரியில் வாழும் ஒருவருக்குத் தனியாக மனத்தில் படும்.

இதையெல்லாம் கைப்பேசியிலேயே ஆடலாமே என்பார்கள். ஆடலாம், ஆனால் கைப்பேசி ஆட்டம் விதிகளைத் தன்னிடமே வைத்துக்கொண்டு விளைவை மட்டும் நமக்குக் காட்டுகிறது. பலகையில் ஆடுபவர் ஒவ்வொரு விதியையும் தாமே படித்து, தாமே நடத்தி, தம்மீதே செலுத்த வேண்டும். தவறான நகர்வைத் திரும்பப் பெறலாமா, நழுவிய சீட்டை மறுபடி எடுக்கலாமா என்பதைக் கேட்கவும் தடுக்கவும் அங்கே வேறு யாரும் இல்லை. பாதி ஆட்டத்தில் எழுந்து சென்று மறுநாள் தொடரலாம்; விளம்பரம் குறுக்கிடாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டி, மின்சாரம் நின்று, கைப்பேசிகளும் அணைந்துபோயின. எங்கள் தெருவில் வெகுநேரம் விழித்திருந்த மேசை என்னுடையதாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுடைய பாட்டியும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஆடு புலி ஆட்டம் ஆடினார்கள், பாட்டிதான் புலி. மூன்று புலிகளும் பதினைந்து ஆடுகளும் 23 புள்ளிகளில் மோதும் அந்த ஆட்டத்தில் இரு தரப்புக்கும் வெவ்வேறு ஆற்றல், வெவ்வேறு இலக்கு. சமமற்ற தரப்புகளைச் சமமாகப் போட்டியிட வைப்பதை இக்கால வடிவமைப்பாளர்களின் சிறப்பாகப் பாராட்டுகிறோம். நம் ஊர்க் கோவில் தரைக்கற்களில் அது என்றோ செதுக்கப்பட்டுக் கிடக்கிறது.

தாயக்கட்டை உருளும் ஓசை கேட்டாலே சூது என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் இன்றும் உண்டு. அவர்களுடைய அச்சத்தை நான் மதிக்கிறேன். இணையவழிச் சூதாட்டத்தால் குடும்பங்கள் அழிவதை நாம் காண்கிறோம். ஆனால் பணயம் வேறு, பலகை வேறு. சூதைக் கண்டிக்க ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர், கல்லாமை அதிகாரத்தின் முதல் குறளில், நிரம்பிய நூலறிவின்றி அவையில் பேசுவதற்குக் கட்டம் வரையாமல் வட்டாடுவதை, அதாவது காய் உருட்டி ஆடுவதை, உவமையாக்கினார். முறையாக ஆடுவதற்கு ஒரு களம் வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. அதைக் கொண்டே கல்வியை விளக்கினார்.

சேகரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலமாரி நிறைய அடுக்கிவிட்டு ஆடாமல் வைத்திருப்பதை நான் சேகரிப்பாகக் கருதுவதில்லை. பத்து முறையாவது மேசைக்கு வராத பெட்டி வேறொருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஆனால் விலை பெரிய தடை. இறக்குமதியாகும் பெரிய பெட்டி ஒன்று நான்காயிரம் ரூபாயைத் தாண்டுவது சாதாரணம். வாங்கிய பிறகு நம் கடற்கரைக் காற்று வேறு சோதிக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் சீட்டுகள் வளைந்துவிடும், பலகையின் மடிப்பில் பூஞ்சை கருப்பாகப் படரும். ஒவ்வொரு பெட்டியிலும் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, சீட்டுகளுக்கு நெகிழி உறை மாட்டி, வெயில் அடிக்கும் நாள்களில் திறந்து நிழலில் ஆற வைத்தால் பெரும்பாலும் காப்பாற்றலாம். பல்லாங்குழி, தாயக்கட்டை முதலிய மர, பித்தளைப் பொருள்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. பழைய வீடுகளை இடிக்கும்போது அவை பழைய பொருள் கடைகளில் எடைக்குப் போவதைப் பார்க்கையில் நெஞ்சு வலிக்கிறது.

விலையைவிடப் பெரிய தடை மொழி. இங்கு விற்கும் பெரும்பாலான பெட்டிகளின் விதிக் கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, சிலவற்றில் பிரெஞ்சிலும். ஆனால் ஆட்டத்துக்குள் மொழி தேவைப்படாதவை பல உண்டு. பிரான்சின் கோட்டை நகர் ஒன்றின் பெயர் தாங்கி, 2001இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த ஆட்ட விருதைப் பெற்ற 'கர்கசோன்' 72 நிலக்கட்டங்களைப் படத்தோடு படம் பொருந்துமாறு அடுத்தடுத்து வைப்பதுதான். அதன் விதிகளைத் தமிழில் ஒரு தாளின் இரு பக்கங்களுக்குள் எழுதிவிடலாம், நான் எழுதியிருக்கிறேன். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எட்டாம் வகுப்புப் பிள்ளையும், பள்ளிக்கே போகாத அதன் தாத்தாவும் என் வீட்டில் சமமாக ஆடினார்கள்.

ஆகவேதான் நூலகங்களைக் கேட்கிறேன். பிரான்சில் 1960களின் பிற்பகுதியில் திஜோன் நகரில் தொடங்கி, விளையாட்டுப் பெட்டிகளை இரவல் தரும் பொது நிலையங்கள் நாடெங்கும் பரவியுள்ளன. பிரெஞ்சு மொழியையும் தெருப்பெயர்களையும் காத்து வரும் புதுச்சேரி, இந்த நல்ல வழக்கத்தையும் எடுத்துக்கொள்வதில் தடையென்ன? 1827இல் தொடங்கப்பட்ட ரோமன் ரோலண்ட் நூலகத்தில் ஓர் அலமாரி போதும். கடலூரில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. பழைய ஆட்டங்களும் புதியவையும் கலந்து பத்துப் பெட்டிகள் வாங்க என் கணக்கில் முப்பதாயிரம் ரூபாய் ஆகலாம். காய்கள் தொலைந்துவிடும் என்று நூலகர்கள் அஞ்சினால், ஒவ்வொரு பெட்டியையும் மின்னணுத் தராசில் நிறுத்து எடையை மூடியின் உட்புறம் எழுதி வைக்கட்டும். திரும்பி வரும்போது குறைந்தால் தெரிந்துவிடும். முதல் ஆண்டு வீட்டுக்குக் கொடுக்காமல் நூலகத்திலேயே ஆடச் சொல்லலாம். மேசைகளில் ஒன்றிரண்டு, ஒற்றை நாற்காலி போட்டவையாக இருக்கட்டும். மனைவியை இழந்தவரும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவரும், இரவுப் பணி முடித்துப் பகலில் ஓய்வாக இருப்பவரும், கூட்டாளி தேடாமல் வந்து அமரட்டும். அருகருகே தனியாக ஆடும் இருவர் சில வாரங்களில் ஒரே பலகைக்கு வருவதும் உண்டு, வராவிட்டாலும் குறையில்லை.

எந்த நூலகம் முன்வந்தாலும், என்னிடமுள்ள பெட்டிகளில் சிலவற்றையும், நான் எழுதியுள்ள தமிழ் விதித்தாள்கள் அனைத்தையும் விலையின்றித் தரவும், ஞாயிறு முற்பகல்களில் வந்து ஆட்டம் சொல்லித் தரவும் ஆயத்தமாக இருக்கிறேன். என் முகவரி தங்கள் அலுவலகத்தில் உள்ளது. கேட்கும் நூலகர்களுக்கு அதைத் தர வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.