‘ஆற அமர’ வந்த 108

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மாவட்டச் செய்திப் பக்கத்தில், “தகவல் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து ஆற அமர வந்த 108 ஊழியர்கள், முதியவர் இறந்துவிட்டதாகக் கூறி உடலை ஏற்ற மறுத்துச் சென்றனர்” என்று ஒரு வரி வந்திருந்தது. அந்த வண்டியில் மருத்துவ உதவியாளராகப் போனவள் நான். செய்தியில் மற்றதையெல்லாம் விட்டுவிடலாம். ‘ஆற அமர’ என்ற இரண்டு வார்த்தையை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஒரு வாரமாகச் சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

எங்களுக்குப் போன் கால் வந்தது காலை 6:52-க்கு. வாசலில் இறங்கியது 7:19-க்கு. 27 நிமிடம். தூரம் 23 கிலோமீட்டர், பாதி கிராமத்து ரோடு. அந்த ஊருக்குப் பக்கத்து வண்டி நாங்கள் இல்லை. பக்கத்து வண்டி அப்போது ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை. மூன்று மாவட்டங்களில் வேலை பார்த்துவிட்டேன், எல்லா இடத்திலும் இதே கதைதான். நோயாளியைக் கொண்டுபோய் இறக்கினால் அங்கே மாற்றிப் படுக்கவைக்கக் கட்டில் காலியாக இருக்காது. எங்கள் ஸ்ட்ரெச்சரிலேயே படுத்திருப்பார். அது கைக்கு வராமல் வண்டி நகராது. அரை மணி நேரம், சில நாள் முக்கால் மணி நேரம், அந்த ஏரியாவுக்கு வண்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் நிருபர் இதை ஒரு நாள் நின்று பார்த்து எழுதியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

அந்தப் பெரியவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் தொட்டபோது உடம்பு சில்லிட்டிருந்தது. நாடி இல்லை. வாயைத் திறந்து பார்க்கப் போனால் தாடை இறுகியிருந்தது. அப்படி இறுக வேண்டுமென்றால் உயிர் போய் இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விடியற்காலையிலேயே, தூக்கத்திலேயே போயிருக்கிறார். அவர் மகன் காலைப் பிடித்துக்கொண்டு “எப்படியாவது தூக்கிட்டுப் போங்கம்மா” என்று அழுதார். ‘நீங்கள் எழுந்து பார்ப்பதற்கு முன்னாலேயே போய்விட்டார்’ என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. “முடிஞ்சிருச்சுங்கண்ணா” என்று மட்டும் சொன்னேன். அவர் கோபத்தில் என்ன சொல்லியிருந்தாலும் அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அதை அப்படியே எழுதி, மேலே ‘ஆற அமர’ என்று சேர்த்தவர்கள் மேல்தான் வருத்தம்.

இறந்தவர்களை 108-இல் ஏற்றுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஒருவர் உடலோடு நாங்கள் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் பிரசவ வலியிலோ மாரடைப்பிலோ இன்னொருவர் கூப்பிடுவார். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவர்களை வீட்டுக்குக் கொண்டுசெல்ல 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி தனியாக இருக்கிறது. ‘ஏற்ற மறுத்து’ என்று எழுதும்போது இதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் 2008 செப்டம்பர் 15-ஆம் தேதி இந்தச் சேவை தொடங்கியபோது நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். வண்டியில் ஏறி 11 வருடம் ஆகிறது. நாங்கள் ஆற அமர இருக்கிற லட்சணத்தையும் சொல்கிறேன். எங்கள் பைலட் அண்ணன் (வண்டி ஓட்டுபவரை நாங்கள் பைலட் என்றுதான் சொல்வோம்) நைட் டூட்டியில் ஷூவைக் கழற்ற மாட்டார். வண்டியை எப்போதும் ரோட்டைப் பார்த்த மாதிரிதான் நிறுத்துவார், ரிவர்ஸ் எடுக்கிற நேரம் மிச்சம் என்பார். அன்றைக்கு 6:52-க்கு டிபன் பாக்ஸைத் திறந்து எலுமிச்சை சாதம் இரண்டு வாய் வைத்திருந்தார். மூடக்கூட இல்லை, அப்படியே டேஷ்போர்டில் வைத்துவிட்டுக் கிளப்பினார். அந்த ஊர் வேகத்தடையில் பாக்ஸ் கவிழ்ந்து சோறு முழுக்கக் காலடியில் கொட்டியது. திரும்பி வந்து கூட்டினோம். டூட்டி 12 மணி நேரம். முடிய 10 நிமிடம் இருக்கும்போது கேஸ் வந்தால் அதையும் முடித்துவிட்டுத்தான் வீடு.

கொஞ்ச நாள் தொப்பூர் கணவாய்ப் பக்கம் வேலை பார்த்தேன். லாரிகள் சரிவில் பிரேக் பிடிக்காமல் இறங்கி முன்னால் போகிற வண்டிகள் மேல் ஏறும், இரட்டைப் பாலம் வரை கண்ணாடித் தூள் கிடக்கும். ஒரு ராத்திரி மூன்று பேரைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, 2 மணிக்கு ஒரு பெட்ரோல் பங்கில் பக்கெட் வாங்கி வண்டித் தரையைக் கழுவினேன். ரத்தம் காய்ந்துவிட்டால் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போகாது, சுரண்ட வேண்டும். கழுவிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கால். அந்த விபத்து நடந்த இடத்தில் எத்தனையோ பேர் சுற்றி நின்றார்கள். செல்போன் பிடித்த கைகள்தான் அதிகம், ஸ்பைன் போர்டில் (அடிபட்டவரை முதுகெலும்பு அசையாமல் தூக்கும் பலகை) ஒரு முனையைப் பிடிக்க ஆள் கூப்பிட்டால் பின்னால் நகர்ந்தார்கள். உதவி செய்பவர்களைப் போலீஸும் கோர்ட்டும் அலைக்கழிக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2016-இல் சொல்லியாகிவிட்டது. மக்களுக்கு இன்னும் அந்தப் பயம் போகவில்லை. உங்களைப் போன்றவர்கள் திரும்பத் திரும்ப எழுதினால்தானே போகும்?

ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை என்று 2019-இல் சட்டம் திருத்தினார்கள். வழி விடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கோடி புண்ணியம். ஆனால் எங்கள் சைரனுக்குக் கிடைத்த வழியில் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வரும் கார்களால் பைலட் அண்ணனால் அழுத்திப் பிரேக் போட முடியாது. போட்டால் உள்ளே நிற்கிற நான் விழுவேன், பின்னால் வருகிறவர் இடிப்பார்.

இன்னொன்று. ஓடும் வண்டியில் குழந்தை பிறந்தால் உங்கள் பத்திரிகையில் ‘ஆம்புலன்ஸ் டிரைவர் பிரசவம் பார்த்தார்’ என்றே இரண்டு தடவை வந்துவிட்டது. ரோட்டோரம் வண்டியை நிறுத்தி, விளக்கைத் திருப்பிக் காட்டியவர் அவர். கையில் குழந்தையை வாங்கி, தொப்புள்கொடியில் இரண்டு கிளிப் போட்டு நடுவில் வெட்டி, துடைத்து, அம்மாவின் நெஞ்சில் போட்டவள் நான். இதுவரை 41 குழந்தைகள். பெயர் போட வேண்டாம், வேலையின் பெயரையாவது சரியாகப் போடலாமே. நாங்களும் மனுஷிகள்தான். ராத்திரி வண்டி நிறுத்துகிற இடத்தில் கழிப்பறை இல்லாமல், தண்ணீர் குடிக்காமலே டூட்டியை ஓட்டுகிற பெண்கள் எங்களில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? கொரோனா வந்த 2020-இல் முதல் பக்கத்தில் எங்களுக்குக் கைகூப்பினீர்கள். அந்த மாதம்தான் என் வீட்டுக்காரம்மா வீட்டைக் காலி பண்ணச் சொன்னார். அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டியும் கேட்கவில்லை.

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. மறுப்புச் செய்தி வேண்டாம், அந்தக் குடும்பம் மறுபடி வேதனைப்படும். இனிமேல் ‘தாமதம்’ என்று போடும் முன் கால் பதிவான நேரத்தையும் வண்டி சேர்ந்த நேரத்தையும் ஒரு வார்த்தை கேட்டு எழுதுங்கள். அப்புறம், பத்திரிகையின் ஒரு மூலையில் நாலு வரி இடம் கொடுத்து இதைப் போடுங்கள்: 108-ஐக் கூப்பிட்டால் ஊர்ப் பெயரோடு தாலுகாவையும் சொல்லுங்கள், கோயில், பள்ளிக்கூடம் என்று பக்கத்தில் இருக்கும் ஓர் அடையாளம் சொல்லுங்கள், நாங்கள் திரும்பக் கூப்பிடுவோம், போனை பிஸியாக வைக்காதீர்கள். சைரன் கேட்டதும் வீட்டில் ஓர் ஆள், ராத்திரியாக இருந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டுக்கு வந்து நில்லுங்கள்.

இப்படிக்கு,
108 அவசர மருத்துவ உதவியாளர் ஒருவர்
(வேலை காரணமாகப் பெயர், ஊர் வெளியிட வேண்டாம்)