கதவுக்குப் பின்னால் தலையாட்டியவன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, பாப்பா மூவரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பழையபடிதான். இரண்டு நாளாக மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. புனேயில் குளிர் தொடங்கியிருக்கும். வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் "ஒரு மீட்டிங் இருக்குப்பா, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிடுகிறாய். போன செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரைக்கும் ஆபீஸில் இருப்பதாகத்தான் சொன்னாய். பின்னால் குக்கர் விசில் மூன்று தடவை கேட்டது. ஆபீஸ் கேன்டீனாக இருக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். சரி, அது இருக்கட்டும்.

பாப்பாவுக்கு எம்.ஏ.வில் காஃப்கா என்ற ஜெர்மன் மொழி எழுத்தாளரின் 'உருமாற்றம்' பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "நீங்களும் படிச்சுப் பாருங்கப்பா" என்று தமிழிலும் ஆங்கிலத்திலுமாக இரண்டு புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். சின்ன நாவல்தான், நூறு பக்கம்கூட வராது. முப்பத்துநாலு வருடம் பிள்ளைகளுக்குத் தமிழ் நடத்தியவனுக்கு இது ஒரு ராத்திரி வேலை என்று உட்கார்ந்தேன். முடித்தும் விட்டேன். அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் சரியாக வரவில்லை. உனக்கு எழுதினால்தான் வரும் போலிருக்கிறது.

கிரெகர் சாம்சா என்று ஒரு பிள்ளை. துணிக் கம்பெனிக்காக ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிப்பவன். ஒருநாள் காலையில் கண் விழிக்கும்போது பெரிய பூச்சியாக மாறிக் கிடக்கிறான். ஏன் மாறினான் என்று காரணமே கிடையாது. நம் அகலிகை கல்லானதற்காவது ஒரு முனிவரின் கோபம் இருந்தது. காஃப்கா நடக்கவே முடியாத ஒன்றை முதல் வாக்கியத்தில் வைத்துவிட்டு, மீதி முழுவதையும் அடுத்த வீட்டில் நடப்பதைப் போல எழுதிக்கொண்டு போகிறார். நாலு மணிக்கு வைத்த அலாரம். இப்போது மணி ஆறரை. ஐந்து மணி ரயில் போய்விட்டது, அடுத்தது ஏழு மணிக்கு. ஜன்னல் தகரத்தில் மழைத்துளி விழும் சத்தம். வயிற்றுப் பக்கம் ஏகப்பட்ட கால்கள் முளைத்து ஆடிக்கொண்டிருக்கின்றன, அவன் ரயிலை நினைத்துப் பதறுகிறான். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட உடம்பு சரியில்லை என்று லீவு போட்டதில்லையே, இன்றைக்குச் சொன்னால் நம்புவார்களா என்று கவலைப்படுகிறான்.

பாப்பா இந்த இடத்துக்கு நேராக 'அபத்தம்' என்று எழுதியிருந்தாள். நான் அதை அடித்துவிட்டு 'பழக்கம்' என்று எழுதினேன். வீட்டுப் பாரத்தைத் தூக்கிப் பழகியவனுக்குத் தன் உடம்பு கடைசியில்தான் நினைவுக்கு வரும். நீ உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி கண் விழிக்காதே.

கதை மூன்று பாகம். ஒவ்வொன்றின் முடிவிலும் அவன் அறையை விட்டு வெளியே வருகிறான், அடிபட்டோ மனசு உடைந்தோ திரும்பிப் போகிறான். பாப்பாவின் ஆசிரியர் 'குறியீடு' பற்றி எழுதச் சொன்னாராம். அவள் எல்லாரையும் போல ஆப்பிளைப் பிடித்துக்கொண்டாள். அப்பன் எறிந்த ஆப்பிள் பிள்ளையின் முதுகில் குத்தி அங்கேயே தங்கிவிடுகிறது, உண்மைதான். எனக்கு அதைவிடக் கதவுகள் பெரிதாகப் பட்டன. கிரெகரின் அறையைச் சுற்றி மூன்று கதவு. ஒன்றில் அம்மா மெதுவாகத் தட்டுகிறாள், இன்னொன்றில் அப்பா, மூன்றாவதில் தங்கை. வெளியூர் விடுதிகளில் தங்கிப் பழகியதால் மூன்றையும் அவன் உள்ளே பூட்டியிருக்கிறான். அன்றைக்கே நிலைமை மாறிவிடுகிறது, சாவியெல்லாம் வெளிப்பக்கம் போய்விடுகிறது. காஃப்கா இதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் பக்கக் கதவு இப்போது உள்ளே பூட்டியிருக்கிறதா, வெளியே பூட்டியிருக்கிறதா?

கதை சொல்லும் விதத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் பாப்பாவே கண்டுபிடித்தாள், எனக்குப் பெருமையாக இருந்தது. படர்க்கையில்தான் கதை போகிறது, ஆனால் எல்லாம் கிரெகரின் காதாலும் கண்ணாலும்தான் நமக்கு வருகிறது. அதனால் 'அப்பா', 'அம்மா' என்றே எழுதிக்கொண்டு வருகிறார். விடியற்காலை மூன்று மணி அடித்தபின் அவன் உயிர் போகிறது. அதற்கப்புறம் அவர்கள் 'திரு. சாம்சா', 'திருமதி சாம்சா' ஆகிவிடுகிறார்கள். அப்பா என்று நினைக்க அவன் இல்லை, அந்தச் சொல்லும் கதையிலிருந்து அநேகமாக மறைந்துவிடுகிறது. இதைப் படித்துக் காட்டும்போது என் குரல் கம்மிவிட்டது. பாப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீயும் இப்படியெல்லாம் படித்தவன்தான். ஒன்பதாம் வகுப்பில் கலிங்கத்துப்பரணியைத் தாளம் தப்பாமல் சொல்லிப் பரிசு வாங்கினாய். நம் தெருவில் சொந்தச் சம்பாத்தியத்தில் பெற்றவர்களுக்கு மெத்தை வீடு கட்டிக்கொடுத்த பிள்ளை நீ ஒருவன்தான், எங்கே போனாலும் சொல்வேன். ஆனால் பொங்கலுக்கு வரவில்லை, தாத்தா திவசத்துக்கும் வரவில்லை. வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னால் நெட் சரியில்லை என்கிறாய். அம்மா உன் தாடியைப் பார்த்து என்ன சொல்லிவிடப் போகிறாள்?

இன்னொன்று. அது என்ன பூச்சி என்று காஃப்கா எங்குமே சொல்லவில்லை. ஜெர்மன் மூலத்தில் இருப்பது, வீட்டில் வைத்துக்கொள்ளத் தகாத அருவருப்பான உயிர்களுக்கெல்லாம் பொதுவான ஒரு சொல்லாம். நம் ஆட்கள் கரப்பான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1915இல் புத்தகம் வரும்போது அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்திலிருந்துகூடக் காட்டக் கூடாது என்று பதிப்பாளருக்கு எழுதினாராம். அந்த ஜெர்மன் சொல்லால் அவருடைய தந்தை காஃப்காவின் நண்பர் ஒருவரை இழித்துப் பேசியிருக்கிறார். 1919இல் தந்தைக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் காஃப்கா அதைக் குறிப்பிடுகிறார். அத்தனை வருடம் கழித்தும் மறக்கவில்லை பார். அந்தக் கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவே இல்லை. வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் பிள்ளையைச் சொல்ல நம் ஊரிலும் ஒரு சொல் இருக்கிறது. 2013இல், பெரிய மாமா வந்திருந்த அன்று, திண்ணையில் உட்கார்ந்து அதை நான் சொன்னேன். நீ உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தட்டில் கை கழுவும் சத்தம் கேட்டது. அந்தச் சொல்லை இங்கே மறுபடி எழுத மாட்டேன்.

தம்பி, இதுவரை எழுதியதெல்லாம் பாப்பாவின் கட்டுரைக்கு ஆகும். இனி எழுதப்போவது உனக்கு.

இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் ஓர் இடம். மகன் இப்படி ஆனதும் அப்பா வீட்டுக் கணக்கை எடுக்கிறார். தொழில் நொடித்துப் போய் ஐந்து வருடம் ஆயிற்று. அந்தக் கடனுக்காகத்தான் கிரெகர் தனக்குப் பிடிக்காத வேலையில் கிடந்து உழல்கிறான். அப்பா சின்ன இரும்புப் பெட்டியிலிருந்து சீட்டையும் குறிப்பேட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு நிதானமாக விளக்குகிறார். கொஞ்சம் பணம் பத்திரமாக இருக்கிறதாம். வட்டியும் சேர்ந்திருக்கிறதாம். பிள்ளை கொடுத்த மாதப் பணத்திலும் மிச்சம் பிடித்திருக்கிறார்களாம். கிரெகருக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் கடனை எப்போதோ குறைத்து அந்த வேலையை விட்டிருக்கலாம். அவன் கோபப்படவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிறான், அப்பா இவ்வளவு முன்யோசனையோடு இருந்திருக்கிறாரே என்று சந்தோஷப்படுகிறான்.

2019இல் நான் ரிட்டையர் ஆனபோது வந்த பணம் சித்தப்பா கடனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். முழுவதும் போகவில்லை. ஆறு லட்சத்தைத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வருகிறது. ஐந்து வருடம் முடிந்ததும் மறுபடி போட்டிருக்கிறேன். பாஸ்புக் பீரோவில் அம்மாவின் கூறைப்புடவைக்கு அடியில் இருக்கிறது. அம்மாவுக்கும் போன வாரம்தான் சொன்னேன்.

2021இல் நீ அந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் மேலே படிக்கட்டுமா என்று கேட்டாய். மாடிப்படியில் நின்று கேட்டாய், கையில் ஈரத் துண்டு இருந்தது. வீட்டுக் கடன் மாதம் 18,500 ரூபாயை யார் கட்டுவது என்று நான் கேட்டேன். நீ ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போய்விட்டாய். பாஸ்புக் அன்றைக்கும் அதே இடத்தில்தான் இருந்தது. நமக்கென்று நாலு காசு இல்லாவிட்டால் கடைசிக் காலத்தில் யார் பார்ப்பார்கள் என்ற பயம் எனக்கு. உன்னை நினைத்தே எனக்கு அந்தப் பயம் இருந்திருக்கிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

நீ எப்போதும் ஒன்றாம் தேதி பணம் அனுப்புவாய். மூன்று மாதமாகப் பன்னிரண்டு, பதினேழு என்று வருகிறது, தொகை மட்டும் குறையவில்லை. எங்கிருந்து வருகிறது என்று நான் கேட்கவில்லை. இந்த மாதம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம். வீட்டுக் கடனுக்கு வங்கியில் நானே போய்ப் பேசிவிட்டேன். அந்த டெபாசிட்டை இடையிலேயே முடித்துக்கொண்டால் கொஞ்சம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். உனக்கு எவ்வளவு வேண்டும் என்று மட்டும் எழுது, காரணம் எழுத வேண்டாம். அந்தப் படிப்பு இப்போதும் கிடைக்குமா என்று விசாரி. வேளைக்குச் சாப்பிடு. கண் விழிக்காதே.

அம்மா நார்த்தங்காய் ஊறுகாயும் பருப்புப்பொடியும் பார்சல் கட்டியிருக்கிறாள். கூரியர்காரர் ஆபீஸ் முகவரியா வீட்டு முகவரியா என்று கேட்டார். வீட்டு முகவரி கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை பகலில் வரும், நீயே வாங்கிக்கொள்.

அன்புடன்,
அப்பா