திரைக்குப் பின்னால் குத்தவைத்திருந்தவர்

குலசேகரம்

அன்புள்ள தங்கராஜ்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மழையால் தாமதம் என்று எழுதலாம். ஆனால் ரப்பர் பால்வெட்டு நின்று வீட்டில் சும்மா கிடந்தவன் அப்படிச் சொன்னால் நீ நம்பமாட்டாய். மூட்டுவலி பரவாயில்லை என்று மதினியிடம் சொல்.

இளையவள் விடுமுறைக்கு வந்திருக்கிறாள். போன வாரம் ஒரு ராத்திரி சோறு வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். யாரோ பையன் விவகாரமாக்கும் என்று எனக்கு அடிவயிறு கலங்கியது. கடைசியில் பார்த்தால், சீனாவில் ஒரு பொம்மைப் பாடகிக்கு நேர்ந்த கதியைப் படித்துவிட்டு அழுதிருக்கிறாள்! மெய்நிகர் பாடகி என்கிறார்கள். உடம்பெல்லாம் கருவி மாட்டிக்கொண்டு ஒரு பெண் எங்கோ அறைக்குள் ஆடுவாள். திரையில் வரைந்த பொம்மை ஆடும்.

ஏ-சோல் என்று ஐந்து பொம்மைகள் கொண்ட குழு. யுவேஹுவா என்ற கேளிக்கை நிறுவனமும் டிக்டாக் நடத்தும் பைட்டான்ஸும் 2020 இறுதியில் இறக்கியவை. 2022 மே மாதம், அவற்றில் கேரல் என்பவள் உடல்நலத்தாலும் படிப்பாலும் ‘உறக்கத்துக்குப் போகிறாள்’ என்று அறிவிப்பு வந்தது. பொம்மைக்கு ஏது காய்ச்சல்? ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். நாங்கள் கொட்டிய பணத்தில் ஆடுகிறவளுக்கு எவ்வளவு போனது, எத்தனை மணிநேரம் வேலை வாங்கினீர்கள் என்று கணக்குக் கேட்டார்கள். அந்தப் பெண் தன் சொந்த இணையக் கணக்கில் எழுதியிருந்த புலம்பல்களையும் தேடியெடுத்துப் பரப்பினார்கள். இது எனக்குப் பிடிக்கவில்லை. அவளுக்காகச் சண்டை போடுகிறோம் என்று அவள் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டதுபோல் இருக்கிறது. மகளிடம் சொன்னேன், கோபித்துக்கொண்டாள்.

அப்போதுதான் நம் கோவில் கொடைக்கு வரும் தோல்பாவைக்கூத்து நினைவுக்கு வந்தது. நீயும் நானும் வேட்டித்திரைக்குப் பின்னால் ஊர்ந்து போனோமே! ஒரே ஆள் குத்தவைத்து உட்கார்ந்து, ராமனுக்கு ஒரு குரல், ராவணனுக்கு ஒரு குரல், கோமாளி உச்சிக்குடும்பனுக்குக் கீச்சுக்குரல். பல்பு வெளிச்சத்தில் முதுகெல்லாம் வேர்வை. நம்மைப் பார்த்ததும் ராவணனைக் கீழே விடாமலே காலால் எட்டி உதைத்தார். அடுத்த வருடம் அவருக்குப் பதில் மகன் வந்தபோது, “இது உச்சிக்குடும்பன் இல்லை” என்று முதலில் கூச்சல் போட்டது நீதான்.

ஜப்பானிலும் இதேதான் நடந்திருக்கிறது. யூடியூபில் 2016-இல் வந்த கிசுனா ஐ என்ற பொம்மைக்கு 2019-இல் கம்பெனி கூடுதலாக வேறு குரல்களையும் கொடுத்தது. அதே முகம், அதே ரிப்பன். ரசிகர்கள் ஏற்கவில்லை. கடைசியில் கம்பெனி இறங்கிவந்து, முதல் குரலுக்கு உரியவர் யார் என்று 2020-இல் வெளிப்படையாக அறிவித்தது. முகத்தின் உரிமைப் பத்திரம் பெட்டியில் இருந்து என்ன பயன், ஜனங்கள் வந்தது குரலுக்கு அல்லவா?

ஹாட்சுனே மிகு என்ற ஜப்பானியப் பொம்மைப் பாடகியின் கதை மட்டும் வேறு. சப்போரோ நகரத்து கிரிப்டன் நிறுவனம் 2007 ஆகஸ்டில் விற்ற பாட்டு மென்பொருள் அது. ஒரு நடிகையின் குரலைத் துண்டு துண்டாகப் பதிந்து செய்தது. மென்பொருளை வாங்குகிறவர்களே பாட்டை இயற்றிக்கொள்ள வேண்டும். யாரோ விளையாட்டாக அவள் கையில் வெங்காயத்தாளைக் கொடுத்துப் படம் செய்ய, அதுவே அவள் அடையாளமாகிவிட்டது. கம்பெனி வழக்குப் போடவில்லை. லாபம் பார்க்காமல் வரைந்துகொள்ளுங்கள் என்று விதியே எழுதிக் கொடுத்தது. கெட்டிக்காரர்கள்! அங்கே திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களே ரசிகர்கள்தான். யாரை வெளியே அனுப்புவது?

இதையெல்லாம் நான் அளந்துகொண்டிருக்க, மகள் கேட்டாள்: “அந்தக் கூத்துக்காரர் பெயர் என்ன அப்பா?” உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்று பொம்மைகளின் பெயர் எல்லாம் வந்தது. அவர் பெயர் வரவில்லை. உனக்கு நினைவிருந்தால் உடனே எழுது, அவள் தினமும் கேட்கிறாள்.

நேந்திரங்காய் வறுவலும் பத்து ஈத்தாமொழித் தேங்காயும் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

உன்,
பால்ராஜ்