ரோபோ, செயற்கை நுண்ணறிவு, வேலைவாய்ப்பு: வல்லுநர் கூட்டங்களில் பதின்வயதினருக்கும் இடம் கோரி மனு

அனுப்புநர்:
பதினோராம் வகுப்பு மாணவி (வயது 16)

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் நலத்துறை

பொருள்: வேலைகளின் எதிர்காலம் குறித்த ஆலோசனைக் கூட்டங்களில் 15 முதல் 18 வயதுள்ளோரை உறுப்பினர்களாகச் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ரோபோக்களும் செயற்கை நுண்ணறிவும் வேலைகளை எப்படி மாற்றும் என்று ஆராயத் தங்கள் துறை வல்லுநர் கூட்டங்களை நடத்தி வருகிறது. அங்கே பேசப்படும் 2040-ஆம் ஆண்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கப் போவது என் வயதினர்தான். எங்களில் ஒருவர்கூட இப்போது அந்த மேசையில் இல்லை.

அப்படி ஒரு கூட்டத்தில் பார்வையாளராக உட்கார எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. எத்தனை வேலைகள் போகும் என்பதைச் சுற்றியே பேச்சு ஓடியது. அமெரிக்காவில் 47 விழுக்காடு வேலைகளுக்கு ஆபத்து என்ற 2013 ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வை ஒருவர் எடுத்துக்காட்டினார். இல்லை, 9 விழுக்காடுதான் என்று 2016-இல் ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) வெளியிட்ட ஆய்வை வைத்து இன்னொருவர் மறுத்தார். முதல் ஆய்வு ஒரு தொழிலை முழுசாக எடுத்து மதிப்பிட்டது. அடுத்தது அதற்குள் இருக்கும் பணிகளைப் பிரித்துப் பார்த்தது. சரி, பணிகளாகப் பிரித்தால் முதலில் போவது யாருடைய பணி? இதைத்தான் கேட்க நினைத்தேன். மைக் மாணவர்கள் பக்கம் வரவே இல்லை.

புதிதாகச் சேர்ந்தவருடைய பணிதான் முதலில் போகும் என்பது என் கவலை. சட்ட அலுவலகத்தில் புதியவர் பழைய தீர்ப்புகளைத் தேடிக் குறிப்பெடுப்பார். மென்பொருள் நிறுவனத்தில் சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்துவார். சலிப்பான வேலைதான். ஆனால் நிறையத் தீர்ப்புகளைப் படித்த பிறகுதான் எந்த வரியில் விஷயம் இருக்கிறது என்பது பிடிபடும். தொழிற்சாலையிலும் அதே கதைதான். ரோபோக் கைக்கு வெல்டிங் பாதையைச் சொல்லிக் கொடுப்பவர் கையால் பற்றவைத்துப் பழகியவராக இருந்தால், பற்றவைத்த இணைப்பைப் பார்த்ததுமே வேகம் கூடிவிட்டதா, கோணம் தவறா என்று சொல்லிவிடுவார். அந்தப் பழகும் காலமே இல்லாமல் போனால் அடுத்த தலைமுறையில் ரோபோவைத் திருத்த யார் இருப்பார்கள்? வேலையில் நுழையக் காத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் உறைக்கிறது.

தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு என்று 1989-ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தனது 12-ஆவது பிரிவில் சொல்கிறது. அதன்படி, ஒவ்வொரு கூட்டத்திலும் குறைந்தது இரண்டு பேரையாவது பேசும் உரிமையுடன் சேர்க்க வேண்டுகிறேன். தனியாக ஒருவரை உட்கார வைத்தால் அவர் வாய் திறக்கத் தயங்குவார். கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவர்களை மட்டும் அழைக்க வேண்டாம். தொழிற்பயிற்சி படிப்பவர்களும், முக்கியமாக, படிப்பை விட்டு வேலைக்குப் போய்விட்டவர்களும் வர வேண்டும். அவர்களுக்கு ஒரு நாள் கூலி போகும் என்பதால் அதை ஈடுகட்ட வழி செய்ய வேண்டும். கூட்டத்துக்கான ஆவணங்களை ஒரு வாரம் முன்பே, எங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அப்புறம், நாங்கள் சொன்னதை ஏற்க முடியாவிட்டால் அதற்கான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்திலிருந்தே இதைத் தொடங்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்