‘புட் ஓஃப்’: பட்டியலில் ஒரு பொருள், வாக்கியத்தில் நான்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரி பிறந்துவிட்டால் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து அறிவித்தல் பலகைகளில் அடிக்கடி கண்ணில் படுவது ‘பிற்போடப்பட்டுள்ளது’ என்ற சொல். 2024 நவம்பர் கடைசியில் வந்த வெள்ளத்தில் உயர்தரப் பரீட்சையே இடையில் நின்று, டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் தொடங்கியது. ஆங்கிலப் பேச்சில் இதற்குப் பழகிய சொல் ‘புட் ஓஃப்’ (put off). நம் பிள்ளைகளுக்கு இதன் பொருள் தெரியும். சொல்லும் பொருளும் மட்டும் உள்ள பட்டியலில் பாடமாக்கியிருக்கிறார்கள். ஆனால் வாக்கியம் எழுதச் சொன்னால் பலர் தவறிவிடுகிறார்கள். எங்கே தவறுகிறது என்பதைச் சொல்லவே இக்கடிதம்.

முதல் குழப்பம் ‘புட் ஓஃப்’, ‘கோல் ஓஃப்’ இரண்டையும் ஒன்றாக எண்ணுவது. வகுப்பு ‘கோல்ட் ஓஃப்’ என்றால் அந்த வகுப்பு இனி இல்லை, கன்சல். ‘புட் ஓஃப்’ என்றால் வேறொரு நாளில் உண்டு. ‘எப்போதைக்கு?’ என்ற கேள்விக்கு இடம் இருந்தால்தான் ‘புட் ஓஃப்’ எழுதலாம். வாட்ஸ்அப்பில் இதை மாற்றி எழுதினால் பதில் வகுப்புக்குப் பிள்ளைகள் வராமல் விடுவார்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். ‘புட் ஓஃப் டில் மன்டே’ என்றால் திங்கட்கிழமை நடக்கும் என்று அர்த்தம். அதைத் ‘திங்கள் வரை பிற்போடப்பட்டது’ என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால், திங்களும் இல்லையாக்கும் என்று எண்ணிச் செவ்வாய் வருவோர் உண்டு. ‘திங்கட்கிழமைக்குப் பிற்போடப்பட்டது’ என்பதே தெளிவு. அந்தத் தமிழை வைத்துக்கொண்டு ‘புட் ஓஃப் டு மன்டே’ என்று எழுதுவதும் சரளமான ஆங்கிலம் அல்ல. அங்கே ‘டில்’ அல்லது ‘அன்டில்’ வர வேண்டும். எவ்வளவு காலம் தள்ளிப்போனது என்று சொல்வதானால் ‘பை எ வீக்’ அல்லது ‘ஃபோர் எ வீக்’.

அதிகம் புள்ளி போவது சொல் வரிசையில். ‘வீ புட் ஓஃப் த மீட்டிங்’, ‘வீ புட் த மீட்டிங் ஓஃப்’ இரண்டும் சரி. ‘மீட்டிங்’ இருந்த இடத்தில் ‘இட்’ வந்தால் மட்டும் தெரிவு இல்லை: ‘வீ புட் இட் ஓஃப்’. ‘புட் ஓஃப் இட்’ பிழை. ‘தெம்’, ‘மீ’, ‘ஹிம்’ எல்லாவற்றுக்கும் இதே விதி.

பின்னால் வினை வந்தால் அது ‘இங்’ என்று முடிய வேண்டும். மழைக்காக வேளாண்மை வெட்டுவதைப் பிற்போட்டோம் என்பதை ‘வீ புட் ஓஃப் கட்டிங் த பெடி’ என்போம். ‘புட் ஓஃப் டு கட்’ அல்ல. இந்தப் பிழை தமிழால் வருவதில்லை. ‘வெட்டுவதை’ என்று தமிழே தொழிற்பெயரைத்தான் தருகிறது. ‘வோன்ட் டு’, ‘டிசைட் டு’ என்று திரும்பத் திரும்பப் பயிற்றுவதால் கை தன்பாட்டில் ‘டு’ எழுதிவிடுகிறது. இந்த இடத்தில் தமிழில் யோசிப்பது பிள்ளைக்கு உதவும் என்று ஆசிரியர்கள் தயங்காமல் சொல்லிக் கொடுக்கலாம்.

இறந்த காலத்திலும் ‘புட்’ அப்படியே நிற்கும். ‘புட்டட்’ இங்கே கிடையாது. ‘ஹீ புட்ஸ் இட் ஓஃப்’ என்றால் வழக்கமாகச் செய்வது, ‘ஸ்’ இல்லாமல் ‘ஹீ புட் இட் ஓஃப்’ என்றால் நடந்து முடிந்தது.

உதயதேவி ரயில் தாமதமாக வந்தால் அது ‘டிலேட்’. அதற்குப் ‘புட் ஓஃப்’ பொருந்தாது, ஏனெனில் ‘புட் ஓஃப்’ என்றால் யாரோ ஒருவர் தீர்மானித்துத் தள்ளிவைத்திருக்க வேண்டும்.

இனி, பட்டியல்கள் விட்டுவிடும் பகுதி. செயப்படுபொருளாக நிகழ்ச்சி அல்லது வேலை வந்தால் பிற்போடுதல் என்ற பொருள். ஆள் வந்தால் பொருளே வேறு. ‘ஹீ கீப்ஸ் புட்டிங் மீ ஓஃப்’ என்றால் காசு கேட்டுப் போகும்போதெல்லாம் நாளைக்கு, நாளையிண்டைக்கு என்று தவணை சொல்லி இழுத்தடிக்கிறார். ‘த ஸ்மெல் புட் மீ ஓஃப் மை ஃபூட்’ என்றால் அந்த மணத்தில் சாப்பாடே வெறுத்துப் போயிற்று. ‘டோன்ட் புட் மீ ஓஃப்’ என்று கணக்குச் செய்யும் பிள்ளை சொன்னால், என் கவனத்தைக் குழப்பாதே என்கிறது. ‘த ப்ரைஸ் புட் த பையர்ஸ் ஓஃப்’ (விலையைக் கண்டு வாங்க வந்தவர்கள் பின்வாங்கினார்கள்) என்பதை ‘விலை வாங்குபவர்களைப் பிற்போட்டது’ என்று மொழிபெயர்க்கும் மாணவர் சோம்பேறி அல்லர், அவருக்குக் கொடுக்கப்பட்ட பட்டியலில் ஒரே பொருள்தான் இருந்தது. ‘ஓஃப்-புட்டிங்’ என்ற பெயரடையும் பெரும்பாலும் இந்த வெறுப்புப் பொருளில் வரும்.

வீடுகளில் ‘லைட்டை ஓஃப் பண்ணு’ என்று பேசிப் பழகியதால் ‘ஓஃப் த லைட்’ என்று எழுதுகிறார்கள். அந்த இடத்தில் ‘ஓஃப்’ தனியே வினையாகாது. ‘புட் ஓஃப் த லைட்’ என்ற வழக்கு உண்டு. பரீட்சைக்கு ‘சுவிட்ச் ஓஃப்’ அல்லது ‘டேர்ன் ஓஃப்’ எழுதுவது பாதுகாப்பு. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில் மோசேயிடம் பாதரட்சையைக் கழற்றச் சொல்லும் இடத்தில் ‘புட் ஓஃப்’ வருகிறது. அது பழைய வழக்கு, இன்று கழற்றுவதற்கு ‘டேக் ஓஃப்’.

ஆகவே, உங்கள் மாணவர் பக்கத்தில் இத்தகைய வினைகளை வெளியிடும்போது சொல்லும் பொருளும் மட்டும் போடாமல், ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சொல்லுடன் ஒரு வாக்கியம், ‘இட்’ நடுவில் வரும் ஒரு வாக்கியம், ஆளைச் செயப்படுபொருளாகக் கொண்ட ஒரு வாக்கியம், ‘இங்’ வருமானால் அதற்கொன்று என்று சேர்த்துத் தாருங்கள். எல்லா வினைக்கும் நான்கும் பொருந்தாது. பொருந்தாததை ‘இப்படி வராது’ என்று குறித்துவிட்டால் போதும். வாரத்துக்குப் பத்துச் சொல் இருக்கும் இடத்தில் மூன்று மட்டும் வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்கள் சிலர்,
களுவாஞ்சிகுடி.